வீட்டுக் குழியும் ஊர்க் கிணறும்

கிராமத்தின் நலம் அதன் குடிநீரைப் பொறுத்தது. கிணற்று நீர் தெளிவாக இருந்தால் அது தூய நீர் என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆயினும் கண்ணுக்குப் புலப்படாத கேடு அதில் கலந்திருத்தல் கூடும். அக்கேடு வெகு தொலைவிலிருந்து வரவேண்டும் என்பதில்லை. நம் வீட்டுக் கொல்லையிலுள்ள மலக்குழியிலிருந்தே வரலாம். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்துப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர் பெருமக்களும் இதனை ஆழ்ந்து சிந்தித்தல் அவசியமாகும்.

மாறிய ஊர், மாறாத குழி

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் தொழிற்சாலை கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் தொழிற்சாலை திறக்கப்பெற்றது. ஏரிப் பாசனத்தில் நெல் விளைத்த ஊர்கள், தொழிலாளர் வந்து குடியேறும் ஊர்களாயின. வாடகைக்கு விடும் வரிசை வீடுகள் பெருகின. ஆனால் ஒரு குடும்பத்துக்கென வெட்டிய குழியுடனேயே புதிய வீடுகளின் கழிப்பிடங்களையும் இணைத்துவிட்டால் என்ன ஆகும்? குழி தாங்காது, மண்ணும் தாங்காது.

இவ்வட்டாரத்து நீர் நமக்கு மட்டும் உரியதன்று. ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் செம்பரம்பாக்கம் ஏரியைச் சென்றடைகிறது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் அவ்வேரி சென்னை மாநகருக்குக் குடிநீர் அளிப்பது. ஆகவே இங்கே நாம் காக்கும் தூய்மை நம் ஊரையும் காக்கும், நகரையும் காக்கும்.

கேடு எவ்வாறு பரவுகிறது?

"எங்கள் வீட்டில் செப்டிக் டாங்க் இருக்கிறது" என்று பலர் கூறுவர். ஆராய்ந்து பார்த்தால், சிமெண்டு உறைகளை இறக்கி, அடியைத் திறந்தே விட்ட ஒற்றைக் குழியாக அது இருக்கலாம். உண்மையான செப்டிக் டாங்க் அடியும் சுவரும் நீர் கசியாதவாறு பூசப்பட்டது; உள்ளே தடுப்புச் சுவர் கொண்டது. அதில் கசடு அடியில் தங்கும். தெளிந்த நீர் மட்டும் வெளியேறி, தனியே அமைந்த ஊறல் குழியில் இறங்கும்.

அடி திறந்த குழிக்கும் நிலத்தடி நீருக்கும் இடையே போதிய மண் இருப்பின், அம்மண் கிருமிகளைப் பெரிதும் வடிகட்டிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்பும்போது நிலத்தடி நீர் மேலேறுகிறது. குழி நீரில் மூழ்குகிறது. அப்போது வடிகட்டுவதற்கு மண் ஏது? கழிவு கிணற்றை எளிதில் எட்டிவிடும். வயிற்றுப்போக்கு, காமாலை, டைபாய்டு ஆகிய நோய்கள் இதனால் வருகின்றன.

கழிவிலிருந்து நைட்ரேட் என்னும் உப்பும் நீரில் சேர்கிறது. நீரைக் காய்ச்சினால் கிருமி சாகும், நைட்ரேட் நீங்காது. குளோரின் இட்டாலும் நீங்காது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மிகுந்தால், கைக்குழந்தைகளின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கும்.

யாழ்ப்பாணத் தீபகற்பத்து நிலை நமக்கு நல்ல படிப்பினையாகும். அங்கே சுண்ணாம்புப் பாறைக்கு இடையே தேங்கும் மழைநீரே கிணற்று நீர். மலக்குழிகளும் தோட்டத்து உரமும் அந்நீரில் நைட்ரேட்டை மிகச் செய்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நிலத்தடி நீர் ஒருமுறை கெட்டால் அதை விரைவில் மீட்க இயலாது.

பழைய தொட்டி உயிரையும் பறிக்கும். 2019 மார்ச்சில் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த நெமிலியில், ஒரு வீட்டின் கழிவுநீர்த் தொட்டியில் ஆறு பேர் விஷவாயுவால் மாண்டனர். உள்ளே விழுந்தவரைக் காக்க இறங்கியவர்களும் மீளவில்லை. எக்காரணம் பற்றியும் மனிதர் தொட்டிக்குள் இறங்கலாகாது. ஆபத்தான முறையில் தொட்டியைச் சுத்தம் செய்ய ஆளை அமர்த்துவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

எதனை அமைப்பது?

தனிக் குடும்பத்துக்கு இரட்டைக் குழிக் கழிப்பிடம் ஏற்றது. ஒரு குழி நிறைந்ததும் கழிவை மறு குழிக்குத் திருப்பிவிட வேண்டும். மூடிய குழியிலுள்ள கழிவு இரண்டு ஆண்டுகளில் மட்கி, நாற்றமற்ற எருவாகிவிடும். இக்குழிகள் கிணற்றிலிருந்து 10 மீட்டராவது தள்ளியிருத்தல் வேண்டும். குழியின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் இடையே 2 மீட்டர் மண் இருத்தல் நலம். ஏரிக்கரையை ஒட்டிய தாழ்ந்த நிலமாயின், குழியின் அடியை அடைத்து, சுற்றிலும் அரை மீட்டர் கனத்துக்கு மணல் நிரப்புதல் வேண்டும்.

வரிசை வீடுகளுக்கு இரட்டைக் குழி போதாது. குடியிருப்போர் தொகைக்கேற்ற செப்டிக் டாங்க் கட்டுவதே முறை. அதன் ஊறல் குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டர், அதாவது ஏறத்தாழ 60 அடி, விலகியிருத்தல் வேண்டும். இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை லாரியிலுள்ள உறிஞ்சு பொறியால் கசட்டை எடுக்க வேண்டும். எடுத்த கசடு ஏரியிலோ ஓடையிலோ வயலிலோ கொட்டப்படின், நாம் செய்தது வீண். அது சுத்திகரிப்பு நிலையம் சேர வேண்டும். மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியில் 2017-இல் இத்தகைய நிலையம் அமைந்தது.

பஞ்சாயத்தின் கடமை

முதலாவதாக, ஊரிலுள்ள குழிகளையும் கிணறுகளையும் கணக்கெடுத்து, ஒன்றுக்கொன்று உள்ள தூரத்தைக் குறித்தல் வேண்டும். இரண்டாவதாக, கிணற்று நீரை மழைக்கு முன்னும் பின்னும் பரிசோதித்து, முடிவை எல்லோரும் காண ஒட்டுதல் வேண்டும். மூன்றாவதாக, வரிசை வீடு கட்டுவோர் கழிவுக்குச் செய்துள்ள ஏற்பாட்டை நேரில் பார்த்தல் வேண்டும். நான்காவதாக, கசடு லாரி எங்கே சென்று கொட்டுகிறது என்பதைக் கண்காணித்தல் வேண்டும்.

வாடகை பெறுகிறவர் குழிக்கும் பொறுப்பாவார் என்பதை நாம் தயங்காது எடுத்துரைக்க வேண்டும். குடியிருக்கும் தொழிலாளி எந்த மாநிலத்தவராயினும் நம் கிணற்று நீரையே பருகுகிறார்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கிராம சபை கூடுகிறது. அதற்குள் கணக்கெடுப்பை முடித்து, கிணற்றுக்கு மிக அருகிலுள்ள குழிகளை முதலில் மாற்றுவதெனச் சபையில் தீர்மானிப்போமாக. அடுத்த மழை வருமுன் அக்குழிகள் மாறுமாயின், அவ்வாண்டே ஊர்க் கிணற்றுக்குப் பாதுகாப்புக் கிடைக்கும்.