பீப்பாயைத் திறவாத சோதனை

2025-ம் வருஷம் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா ஜில்லாவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் மாண்டனர். அம்மருந்து நமது காஞ்சிபுரம் ஜில்லாவில் செய்யப்பட்டது. அதில் டையெதிலீன் கிளைக்கால் என்னும் விஷம் நூற்றுக்கு 48 பங்குக்கு மேல் கலந்திருந்ததைச் சர்க்கார் பரிசோதனை காட்டிற்று. குழந்தைகள் இறந்த பின்னரே இது தெரிய வந்தது.

மூலத்திரவம் வந்திறங்கும் பீப்பாயைத் திறவாமலே உள்ளிருப்பது இன்னதென அறியும் கருவிகள் இன்று உண்டு. அவற்றின் மூலம் நம் நாட்டினது. 1928 பிப்ரவரி 28-ந் தேதி ஸர் சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் கல்கத்தாவில் கண்ட உண்மை யாதெனில், ஒரே நிற ஒளி ஒரு வஸ்துவிற் பட்டுச் சிதறுங்கால், அதில் அணுவளவான பாகம் நிறம் மாறி வெளிவருகிறது என்பதே. அம்மாறுதல் வஸ்துவுக்கு வஸ்து வேறுபடும், கைரேகை போல.

ஆனால் ஊடு தெரியாத பிளாஸ்டிக் பீப்பாயில், பீப்பாயின் ரேகையே மேலோங்கி உள்ளிருப்பதை மறைத்துவிடும். இத்தடையை இங்கிலாந்தின் ரூதர்போர்டு ஆப்பிள்டன் ஆராய்ச்சிசாலையில் பாவெல் மாடூசெக்கும் அவர் தோழர்களும் 2005-ல் நீக்கினர். உபாயம் வியக்கத்தக்க எளிமையுடையது. லேஸர் ஒளி பட்ட இடத்தை விட்டுச் சில மில்லிமீட்டர் தள்ளிப் பார்த்தனர். மேற்பரப்பிற் சிதறும் ஒளி பெரும்பாலும் பட்ட இடத்தருகிலேயே திரும்பும். ஆழத்திற் புகுந்ததோ பல முறை மோதிப் பக்கவாட்டிற் பரவி, விலகி வெளிப்படும். விலகிய இடத்து ரேகையினின்று மேற்பரப்பின் ரேகையை உரிய அளவிற் கழித்தால், உள்ளிருப்பது எஞ்சும். தோலுக்கடியிலுள்ள எலும்பையும் இவ்விதம் ஆராய்ந்திருக்கின்றனர். உலோகப் பாத்திரத்தினிடம் மட்டும் இவ்வித்தை பலிக்காது.

அவ்வாராய்ச்சியிலிருந்து கம்பெனி பிறந்தது. 2017-ல் அதை ஓர் அமெரிக்கக் கம்பெனி விலைக்கு வாங்கிற்று. உழைத்தவர் பலன் கொண்டனர், நமக்குப் பொறாமையில்லை.

நம்மவர் வாளாவிருந்தாரென்றும் சொல்வதற்கில்லை. ராமன் தலைமை வகித்த பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலேயே, சஞ்சிதா சில், சிவ உமாபதி என்போர், பல கோணங்களிற் சிதறும் ஒளியைத் திரட்டி மறைபொருளை அறியும் வேறொரு முறையை 2014-ல் வெளியிட்டனர். மூளைக்குப் பஞ்சமில்லை. ஆண்டுதோறும் பிப்ரவரி 28-ல் விஞ்ஞான தின உபந்நியாசங்களுக்கும் பஞ்சமில்லை!

நாம் கேட்பது இரண்டே. மருந்துச் சோதனை அதிகாரி ஒவ்வொருவர் கையிலும் இத்தகைய கருவி இருத்தல் வேண்டும். அதை நம் பட்டறைகளிலேயே செய்யச் சர்க்கார் பணம் ஒதுக்க வேண்டும். கருவியிருந்தும் சோதிக்க மனமில்லாத முதலாளிக்குச் சிறைச்சாலை இருக்கிறது. எவ்வளவு தொகை, எத்தனை மாதத்தில் என்பதை மந்திரிகள் சட்டசபையிற் சொல்லட்டும்.