உறைந்த சர்வரை எழுப்புவது யார்?

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜிஎஸ்டி சாலையிலிருந்து பிரிந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலை நெடுக ஆலைகள். கார், லாரி, செல்போன் என எது தயாரானாலும், வரிசையில் அடுத்து வரும் வேலை எது, அதற்கு எந்தப் பாகம் என்று கணக்கு வைப்பவை சர்வர்கள். நள்ளிரவு ஷிப்டில் ஒரு சர்வர் ‘ஹேங்’ ஆனால், ஐடி பிரிவு ஊழியர் வீட்டில் இருந்தபடியே அதை அணைத்துப் போட முடியும். எந்தக் கட்டளைக்கும் பதில் தராத இயந்திரம் இந்தக் கட்டளைக்கு மட்டும் எப்படிப் பணிகிறது?

பணிவது அந்த இயந்திரமே அல்ல. சர்வரின் மதர்போர்டில் பிஎம்சி என்ற இன்னொரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்குத் தனி பிராசஸர், தனி மென்பொருள். பெரும்பாலும் தனி நெட்வொர்க் போர்ட்டும் உண்டு. சர்வரை அணைத்தாலும், பவர் கேபிளில் மின்சாரம் வரும்வரை அது விழித்திருந்து விசிறியின் வேகத்தையும் உள்வெப்பத்தையும் கவனிக்கும். இதனுடன் பேசுவதற்கான ஐபிஎம்ஐ என்ற பொது விதிகளை இன்டெல், டெல், ஹெச்பி, என்இசி நிறுவனங்கள் 1998-ல் வெளியிட்டன.

சர்வரை ‘பிங்’ செய்தும் பதில் இல்லையென்றால், ஊழியர் பிஎம்சிக்குள் நுழைவார். உறைந்த சர்வரின் திரை, கடைசியாக வந்த பிழைச்செய்தியோடு அவரது லேப்டாப்பில் தெரியும். முதலில் முறையாக மூடச் சொல்லிப் பார்ப்பார். மசியாவிட்டால் ரீசெட். அதற்கும் சரிவராவிட்டால் மின்சாரத்தையே துண்டித்து, சில விநாடிகள் விட்டு மறுபடி கொடுப்பார். பாகங்களில் தங்கிய மின்னூட்டம் வடிவதற்குத்தான் அந்த இடைவெளி. பாதி எழுதிய தரவு போய்விடலாம் என்பதால் இது கடைசி ஆயுதம்.

ஆளே எட்ட முடியாத இடத்தில் ‘வாட்ச்டாக்’ என்ற டைமர் கைகொடுக்கும். அது ஓயாமல் பூஜ்யத்தை நோக்கி எண்ணும். நலமாக இருக்கும் மென்பொருள் அந்த எண்ணிக்கையை அவ்வப்போது முதலிலிருந்து தொடங்க வைக்கும். மென்பொருள் அப்படிச் செய்யத் தவறி எண்ணிக்கை பூஜ்யத்தைத் தொட்டால் உடனே ரீசெட். 1997-ல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தில், முக்கிய வேலையொன்று வானிலைத் தகவல் திரட்டும் சிறு வேலைக்காகக் காத்துக்கிடந்து நேரம் தவறவே, கம்ப்யூட்டர் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது. பூமியிலிருந்த மாதிரி இயந்திரத்தில் காரணத்தைக் கண்டறிந்து, திருத்தத்தை நாசா செவ்வாய்க்கே அனுப்பியது.

ஆனால் காப்பாற்ற வரும் வழியும் சேர்ந்தே அடைபட்டால்? 2021 அக்டோபர் 4 அன்று, பராமரிப்பின்போது தவறாகக் கொடுத்த ஒரு கட்டளையால் ஃபேஸ்புக்கின் தரவு மையங்கள் வலையிலிருந்து துண்டிக்கப்பட்டன. அவசரத்துக்கென வைத்திருந்த மாற்று நெட்வொர்க்கும் கிடைக்கவில்லை. பொறியாளர்கள் நேரில் போய்ச் சரிசெய்வதற்குள் சுமார் 6 மணி நேரம் ஓடிவிட்டது.

ஆகவே பிஎம்சி இருந்தால் மட்டும் போதாது. அதன் கேபிள் எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். சர்வர் இணைந்திருக்கும் அதே ஸ்விட்சில்தான் அதுவும் சொருகியிருக்கிறது என்றால், அந்த ஸ்விட்ச் படுக்கும் இரவில் யாராவது வண்டியை எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போய்த்தான் ஆகவேண்டும்.