பள்ளிச் சீண்டல் மிரட்டலாக மாறும்போது

குழந்தைகள் நலப் புறநோயாளிப் பிரிவுக்குப் பள்ளி நடக்கும் மாதங்களில் மட்டும் வரும் வயிற்றுவலி ஒன்று உண்டு. ஞாயிறு மாலையில் தொடங்கும். திங்கள் காலையில் வாந்தியுடன் உச்சத்தை எட்டும். மே மாத விடுமுறையில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும். ஸ்கேனிலும் இரத்தப் பரிசோதனையிலும் எதுவும் தென்படாது. ஆயினும் அந்த வலி பொய்யன்று. தொடர்ந்த அச்சம் குடலின் இயக்கத்தை மாற்றும், உறக்கத்தைக் கெடுக்கும், படுக்கையை நனைக்கும் பழக்கத்தை விட்டுப் பல ஆண்டுகளான பிள்ளையை மீண்டும் அதற்குத் திருப்பும். சில பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நேரம் முழுவதும் சிறுநீரை அடக்கிவைத்து, சிறுநீர்த் தொற்றுடன் வருவார்கள். காரணத்தைப் பொறுமையாகக் கேட்டால், கழிப்பறைதான் அவர்களை மடக்கி அடிக்கும் இடம் என்பது தெரியவரும். மதிய உணவு டப்பா திறக்கப்படாமலே திரும்புவது, பணம் அடிக்கடி 'தொலைவது', வழக்கமான வழியை விட்டுச் சுற்றுவழியில் வீடு திரும்புவது ஆகியவையும் இத்தகைய அறிகுறிகளே.

பிள்ளைகளுக்குள் கேலியும் சண்டையும் இயல்பு. அதனைத் துன்புறுத்தலிலிருந்து பிரித்தறிய நார்வே நாட்டு உளவியல் அறிஞர் டான் ஓல்வியஸ் வகுத்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. நோகடிக்கும் நோக்கம் இருக்கிறதா, அது திரும்பத் திரும்ப நிகழ்கிறதா, பாதிக்கப்படும் பிள்ளையால் எதிர்த்து நிற்க இயலாத அளவுக்கு வலிமை வேறுபாடு உள்ளதா என்பவை அவருடைய மூன்று கேள்விகள். வலிமை என்பது உடல் வலிமை மட்டுமன்று. எண்ணிக்கை, வயது, பணம், சாதி, ஊரில் குடும்பத்துக்கு உள்ள செல்வாக்கு ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். 'நீயும் திருப்பி அடி' என்று வீட்டில் சொல்லப்படும் அறிவுரை பயனற்றுப் போவதற்கு இந்த மூன்றாவது கேள்வியே காரணம்.

எந்த மிரட்டலை அஞ்ச வேண்டும்?

'உன்னைக் கொன்றுவிடுவேன்' என்ற சொல் விளையாட்டுத் திடலில் நாள்தோறும் ஒலிக்கிறது. அவை அனைத்தும் ஒன்றல்ல. அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டூயி கார்னெல் பள்ளி மிரட்டல்களைக் கணநேர மிரட்டல், உறுதியான மிரட்டல் என இரண்டாகப் பிரிக்கிறார். முதலாவது கோபத்தில் பிறந்து, விளக்கம் கேட்டதும் மன்னிப்பில் முடிவது. இரண்டாவது கோபம் தணிந்த பின்னும் நிலைப்பது. இடமும் நேரமும் குறிப்பிடப்படுதல், கத்தி போன்ற ஆயுதம் பற்றிய பேச்சு அல்லது அதைக் காட்டுதல், துணைக்கு ஆள் சேர்த்தல், வீட்டு முகவரியையும் டியூஷன் முடியும் நேரத்தையும் விசாரித்தல், முன்பே ஒருமுறை அடித்திருத்தல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அதை உறுதியான மிரட்டலாகவே கொள்ள வேண்டும். 'வெளியில் சொன்னால் உன் தங்கையை விடமாட்டோம்' என்பதும் அவ்வகையே.

அமெரிக்க இரகசியப் பணிப் பிரிவும் கல்வித் துறையும் இணைந்து, திட்டமிட்டு நடத்தப்பட்ட 37 பள்ளித் தாக்குதல்களை ஆராய்ந்து 2002ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டன. பெரும்பாலான நிகழ்வுகளில், தாக்குதலுக்கு முன்பே வேறொருவருக்கு அதுபற்றித் தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள் பெரும்பாலும் உடன் படிக்கும் பிள்ளைகளே. துப்பாக்கி எளிதில் கிடைக்கும் நாட்டின் அனுபவம் அது என்றாலும், இங்கும் கருதத்தக்கது. உங்கள் பிள்ளை வாய் திறக்காதபோது, அதே வேனில் வரும் மற்றொரு பிள்ளைக்கு விவரம் தெரிந்திருக்கலாம்.

புகாருக்குப் பிந்தைய இரவு

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் நடந்ததைத் தமிழகம் அறியும். பட்டியல் சாதியைச் சேர்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர், உடன் படித்த சிலரின் சாதியத் துன்புறுத்தலால் பள்ளிக்குச் செல்வதை நிறுத்தியிருந்தார். பள்ளியில் காரணம் கேட்கப்பட, அவர் உண்மையைச் சொன்னார். அன்றிரவே அவருடைய வீட்டுக்குள் அரிவாளுடன் நுழைந்தவர்கள் அவரையும், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். இருவரும் உயிர்பிழைத்தனர், அவர் மறு ஆண்டு பொதுத்தேர்வில் தேர்ச்சியும் பெற்றார். இதையடுத்து அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது.

இந்நிகழ்வைக் கேட்டுப் பல பெற்றோர் 'புகார் கொடுத்ததால்தானே இவ்வளவும்' என்ற முடிவுக்கு வருகிறார்கள். எங்கள் கருத்து வேறு. புகாரும் பாதுகாப்பும் ஒன்றாகச் செல்ல வேண்டும். அங்கே புகார் மட்டும் சென்றது. பள்ளியில் மிரட்டலைப் பற்றிச் சொல்லும் நாளன்றே, அன்று மாலை பிள்ளை யாருடன் வீடு திரும்பும், இரவு எங்கே இருக்கும், எதிர்த்தரப்புப் பிள்ளைகளிடம் பள்ளி எப்போது, யார் முன்னிலையில் பேசப்போகிறது என்பவற்றையும் தலைமையாசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புகார் அளித்தவரின் பெயர் வகுப்பில் உரக்கச் சொல்லப்படக் கூடாது என்பதைக் கடிதத்திலேயே எழுதுங்கள். தேவையானால் சில நாள்கள் பிள்ளை உறவினர் வீட்டில் தங்கலாம். இதைக் கோழைத்தனம் என்று எண்ண வேண்டியதில்லை.

முதலில் வீட்டில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுவோம். பிள்ளை பேசும்போது 'நீ என்ன செய்தாய்?' என்று தொடங்காதீர்கள். 'சொன்னது நல்லது கண்ணு, இனி அப்பாவும் அம்மாவும் பார்த்துக்கொள்கிறோம்' என்பது போதும். 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்க வேண்டாம். அதைக் காப்பாற்ற உங்களால் இயலாது. பிறகு தேதி, இடம், சொல்லப்பட்ட சொற்கள், உடனிருந்தோர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். வசைச் சொல்லாயினும் பிள்ளை சொன்னபடியே எழுதுங்கள். கைப்பேசியில் வந்த மிரட்டலை அழிக்காமல், அனுப்பியவரின் எண்ணும் நேரமும் தெரியும்படி படம்பிடித்து வையுங்கள். பிள்ளையின் கைப்பேசியைப் பறித்துவிடுவதும் உண்டு. அவ்வாறு செய்தால் அடுத்த மிரட்டல் வரும்போது பிள்ளை உங்களிடம் காட்டாது.

எதிர்த்தரப்புப் பெற்றோரின் வீட்டு வாசலில் போய் நிற்பதைத் தவிருங்கள். தந்தையர் பலர் முதலில் செய்வது இதுதான். பேச்சு வளர்ந்து, பிள்ளைகளின் பிரச்சினை இரண்டு தெருக்களின் பிரச்சினையாக மாறிவிடும். எதிரெதிரே நிற்க வைத்துக் கைகுலுக்கச் சொல்லும் சமரசமும் மிரட்டல் நிலையில் பயன் தராது. சமவலிமை உள்ளோரின் சண்டைக்கே அது பொருந்தும்.

பள்ளிக்குக் கொடுக்கும் புகார் எழுத்தில் இருக்க வேண்டும். ஒரு நகலில் தேதியுடன் கையொப்பமும் முத்திரையும் பெற்றுக்கொள்ளுங்கள். கழிப்பறை, படிக்கட்டு, இடைவேளை, பேருந்து என எந்த இடத்தில் எந்த ஆசிரியர் கண்காணிப்பார் என்று குறிப்பாகக் கேளுங்கள். 'பார்த்துக்கொள்கிறோம்' என்பது பதிலாகாது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் இதற்கெனக் குழு இருக்க வேண்டும் என்று அந்த வாரியம் 2015இல் அறிவுறுத்தியுள்ளது. பள்ளி அசையவில்லையெனில் மாவட்டக் கல்வி அலுவலரையோ முதன்மைக் கல்வி அலுவலரையோ அணுகலாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417.

காவல் நிலையத்தில்

உயிருக்கோ உடலுக்கோ ஊறு செய்வதாக மிரட்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவின்படி குற்றம். உடனடி ஆபத்தெனில் 112ஐ அழையுங்கள். மற்ற நேரங்களில் எழுத்துப் புகாருடன் செல்லுங்கள். சிறார் நீதிச் சட்டம், 2015இன்படி ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அவரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள்.

இங்கே பெற்றோர் மனம் உடையும் இடம் ஒன்றுண்டு. மிரட்டியவர் 18 வயதுக்கு உட்பட்டவராயின், கொடுங்குற்றம் என வகைப்படுத்தப்பட்டவை, வயது வந்தவரும் சேர்ந்து செய்தவை ஆகியவற்றைத் தவிர, முதல் தகவல் அறிக்கை பதியப்படுவதில்லை. தகவல் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் பதிவாகி, சமூகப் பின்னணி அறிக்கையுடன் சிறார் நீதிக் குழுமத்துக்குச் செல்லும். ஆகவே 'எஃப்.ஐ.ஆர். போடவில்லை' என்பதால் மட்டும் புகார் புறக்கணிக்கப்பட்டதாக எண்ண வேண்டாம். ஆனால் புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். இரசீதை வாங்காமல் வராதீர்கள். வாங்க மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவஞ்சலில் அனுப்பலாம்.

சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் அதைப் புகாரில் விடாமல் எழுதுங்கள். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு அளிப்பதை அரசின் கடமையாக்குகிறது. பாலியல் தொல்லையோ படங்களை வெளியிடும் மிரட்டலோ இருப்பின் போக்சோ சட்டம் பொருந்தும். அதை அறிந்த பள்ளியும் மருத்துவரும் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். எங்கு தொடங்குவதென்று புரியாதவர்கள் 1098 குழந்தைகள் உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். பிள்ளையே அழைக்கவும் செய்யலாம்.

மருத்துவமனையில்

அடிபட்டிருந்தால், காயம் சிறிதாயினும் அன்றே காட்டுங்கள். கன்றிய காயத்தின் நிறம் ஒருசில நாள்களில் மாறிவிடும். 'மாடிப்படியில் விழுந்தான்' என்று சொல்லி வைத்தியம் பார்த்துவிட்டு, ஒரு மாதம் கழித்துப் புகார் கொடுக்கும்போது அந்தப் பதிவே உங்களுக்கு எதிராக நிற்கும். யார் அடித்தது, எதனால் என்பதை உள்ளபடி சொன்னால், விபத்துப் பதிவேட்டில் அது பதியப்படும்.

உடல் காயம் இல்லாவிடினும் இரண்டு நிலைகளில் தாமதிக்கக் கூடாது. பிள்ளை உண்ணாமல் உறங்காமல் ஒதுங்கிப்போவது ஒன்று. 'நான் இல்லாமல் போனால் எல்லாருக்கும் நிம்மதி' என்பது போன்ற பேச்சு மற்றொன்று. அப்போது, 'செத்துப்போகலாம் என்று நினைத்தாயா?' என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்காததால்தான் பிள்ளை தனியே சுமக்கிறது. பூச்சிமருந்து, எலி மருந்து, தாத்தா பாட்டியின் மாத்திரைகள் அனைத்தையும் பூட்டிவையுங்கள். பிள்ளையைத் தனியே விடாமல் அழைத்து வாருங்கள். இரவு நேரமெனில் 14416 டெலி மானஸ், 104 ஆகிய எண்களில் தமிழில் பேசலாம்.

மிரட்டியது உங்கள் பிள்ளையாக இருக்கலாம் என்ற நிலையையும் இங்கே சொல்ல வேண்டும். அத்தகைய பெற்றோரும் எங்களிடம் வருகிறார்கள், ஆனால் பெரும்பாலும் தாமதமாக. அடித்துத் திருத்த முற்பட்டால், வலியவன் எளியவனை அடிக்கலாம் என்ற பாடமே மீண்டும் நடத்தப்படும். முன்பு அவனே அடிபட்டவனா, வீட்டில் வன்முறையைப் பார்க்கிறானா, எந்தக் கூட்டத்தில் சேர்ந்திருக்கிறான் என்பவற்றை மனநல மருத்துவர் உங்களுடன் சேர்ந்து ஆராய்வார். பையில் ஆயுதம் கண்டால் அன்றே பள்ளிக்குத் தெரிவியுங்கள்.

பள்ளிக்குத் திரும்பும் முதல் வாரங்களில் பிள்ளைக்கு மீண்டும் வயிறு வலிக்கக்கூடும். அரைநாளாகத் தொடங்கி, நம்பிக்கையான ஓர் ஆசிரியரின் பெயரைச் சொல்லி, 'அச்சம் வந்தால் அவரிடம் போகலாம்' என்று ஏற்பாடு செய்தால் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள். பள்ளியை மாற்றுவது சில வேளைகளில் சரியான முடிவே. அதைப் பிள்ளையுடன் பேசியபின் செய்யுங்கள். இல்லையேல், தான் தண்டிக்கப்பட்டதாகவே அது உணரும். மறுபரிசோதனைக்கு வரும்போது நோட்டையும், பள்ளி முத்திரையிட்ட நகலையும், சி.எஸ்.ஆர். இரசீதையும் உடன் கொண்டு வாருங்கள்.