பவளத் தொட்டியில் பூச்சித் தொல்லை: மருந்துக்கு முன் யோசனை

மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை நம் எல்லோருக்கும் தெரியும். கிடங்கு வைத்திருக்கும் வணிகப் பெருமக்களுக்கு அதன் பொருள் இன்னும் நன்றாகவே புரியும். அரிசி மூட்டையில் வண்டு விழுந்துவிட்டது என்பதற்காகக் கண்ட மருந்தையும் தெளித்துவிட முடியாது. அந்த அரிசியை யாரோ ஒருவர் உலையில் போட வேண்டும். இதே சங்கடத்தைத் தினமும் சந்திக்கும் இன்னொரு வணிகம் உண்டு. கடல்நீர்த் தொட்டியில் உயிருள்ள பவளங்களை வளர்த்து விற்பதுதான் அது.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுவோம். பாறை கட்டும் கல்பவளங்கள் 2001-ஆம் ஆண்டில் இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றை நம் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். ஆகவே பவளம் பற்றி இங்கே சொல்வது, அந்த வணிகத்தைச் சட்டம் அனுமதிக்கும் அமெரிக்கா முதலிய நாடுகளின் கடைமுறை. ஆனால் வண்ணமீனும் இறாலும் விற்கும் நம் கடைக்காரர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது.

ஒரே தண்ணீர், ஒரே ஆபத்து

இத்தகைய கடைகளில் பல தொட்டிகளுக்கும் ஒரே தண்ணீர் சுற்றி வருவது வழக்கம். செலவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஒரு பவளத் துண்டோடு வந்த பூச்சி எல்லாத் தொட்டிகளுக்கும் பரவிவிடும். ஒரு தொட்டியில் ஊற்றும் மருந்தும் அப்படியே பரவும். அங்கிருந்து வாங்கிப் போகிறவர் வீட்டுத் தொட்டிக்கும் பூச்சி போய்ச் சேரும். பல ஆண்டுகள் பாடுபட்டு வளர்த்த தொட்டி பாழானால், அந்த வாடிக்கையாளர் மறுபடி நம் படியேறுவாரா?

நண்பன் யார், எதிரி யார்?

தொட்டியில் புழுவைக் கண்டதும் பதறுபவர்கள் அதிகம். இரவில் கல்லிடுக்கிலிருந்து வெளிவரும் முள்மயிர்ப் புழுக்களில் பெரும்பாலானவை துப்புரவுத் தொழிலாளிகள். மீன் தின்னாமல் விட்ட இரையையும் செத்ததையும் தின்று தண்ணீர் கெடாமல் காப்பவை. கண்ணாடியில் ஓடும் வெண்புள்ளி போன்ற சிற்றுயிர்கள் பாசியைத் தின்னும். பிறகு தாமே மீனுக்கு இரையாகும். சில பவளக் கிளைகளுக்குள் குடியிருக்கும் டிரபீசியா என்னும் சிறு நண்டு, கடலில் பவளத்தைத் தின்ன வரும் முள்கிரீட நட்சத்திர மீனையே கிள்ளி விரட்டும் காவல்காரன்.

உண்மையான எதிரிகள் வேறு. அக்ரோபோரா பவளத்தை அரிக்கும் தட்டைப்புழு, அதே பவளத்தில் ஒட்டி வாழும் ஊசிமுனை அளவு சிவப்புப் பூச்சி, மான்டிபோராவைத் தின்னும் ஓடில்லாத கடல்நத்தை, கொட்டிக் கொல்லும் ஐப்டேசியா என்னும் கடல் தாமரை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

மருந்தின் மறுபக்கம்

சிவப்புப் பூச்சிக்கு, நாய்களுக்கு இதயப்புழு வராமல் தடுக்கக் கொடுக்கும் மில்பெமைசின் மருந்தைத் தொட்டியில் கலப்பதுண்டு. பூச்சி சாகும், கூடவே இறாலும் நண்டும் சாகும். காரணம் எளிது. மூன்றும் ஒரே கணுக்காலி இனம். மருந்துக்கு உறவு பார்க்கத் தெரியாது. ஆகவே பவளத்தை மட்டும் தனி வாளிக்கு மாற்றி அங்கே மருந்திடுவதே மேல்.

மீனின் வெண்புள்ளி நோய்க்குத் தரும் தாமிர மருந்தும் அப்படித்தான். இறால், நத்தை, பவளம் அனைத்துக்கும் அது நஞ்சு. நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் கொடுக்க வேண்டும். சிவப்புத் தட்டைப்புழு பெருகிய தொட்டியில் இன்னொரு ஆபத்து உண்டு. கூட்டமாகச் சாகும்போது புழுக்களே நஞ்சை வெளியிடும். எனவே முதலில் குழாய் வைத்து முடிந்தவரை உறிஞ்சி எடுத்துவிட்டு, கரித்தூள் வடிகட்டியும் மாற்றுத் தண்ணீரும் தயாராக வைத்துக்கொண்டே மருந்தில் கை வைக்க வேண்டும்.

பூச்சிக்குப் பூச்சியே மருந்து

ஐப்டேசியாவை நசுக்கிப் பிய்த்தால் ஒன்று பலவாகும்; ஒட்டியிருக்கும் சிறு துணுக்கிலிருந்தும் புதிதாக முளைக்கும். ஒன்றிரண்டு என்றால் நீரோட்ட மோட்டாரை நிறுத்திவிட்டு, குழைத்த சுண்ணாம்பை ஊசிக்குழாயால் அதன் வாய்மேல் இடலாம். பெருகிவிட்டால் பெப்பர்மின்ட் இறாலோ பெர்கியா என்னும் கடல்நத்தையோ உதவும். பெர்கியாவின் உணவு ஐப்டேசியாதான், பவளத்தைத் தொடாது. இரை தீர்ந்தால் பட்டினியால் மடியும் என்பதையும் வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். இறாலையும் பெர்கியாவையும் ஒரே தொட்டியில் விட்டால் இறால் நத்தையைத் தின்றுவிடும்.

இங்கே வணிகருக்கு ஓர் எச்சரிக்கை. பெப்பர்மின்ட் இறாலைப் போலவே தோன்றும் ஒட்டக இறால் ஒன்று உண்டு. முதுகு கூனியிருக்கும், உடலில் வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும் தெளிவாகத் தெரியும். அது மென்பவளங்களையே கடிக்கும். பெயர் மாற்றி விற்றால், மருந்து கேட்டவருக்கு நோயைக் கொடுத்ததாகிவிடும்.

புதுச் சரக்குக்குத் தனி அறை

சரக்கு வந்ததும் நேரே விற்பனைத் தொட்டியில் இறக்கக் கூடாது. தனி வாளியில் கடல்நீர் எடுத்து, அயோடின் அல்லது இதற்கென விற்கும் கரைசலைக் குறிப்பிட்ட அளவில் கலந்து, பவளத்தைச் சில நிமிடங்கள் முக்கி அலச வேண்டும். அதற்கு முன் கிளைகளில் நண்டு இருந்தால் மெல்ல எடுத்துத் தொட்டியில் விட்டுவிட வேண்டும். முக்கிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே கூடாது.

ஒருமுறை முக்கினால் போதாது. கரைசல் புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அடிப்பகுதியில் ஒட்டிய முட்டைகளைச் சுரண்டி எடுத்து, வாரம் ஒருமுறை முக்கி, குறைந்தது ஆறு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்தத் தொட்டிக்கு வலையும் வாளியும் தனியாக இருக்கட்டும்.

ஆறு வாரம் பணம் முடங்குமே என்று தோன்றும். முடங்கும்தான். ஆனால் முடங்கிய பணம் திரும்பி வரும். போன பெயர் திரும்பி வராது. வாடிக்கையாளர் மருந்துப் புட்டி கேட்டு வந்தால், விற்கும் முன் ஒரு கேள்வி கேட்போம்: "உங்கள் தொட்டியில் இறால், நண்டு, நத்தை என்னென்ன இருக்கின்றன?" அந்த ஒரு கேள்வியில் சில உயிர்கள் பிழைக்கும். நம் வியாபாரமும் நிலைக்கும்.