மலக்குழியின் ஆழத்தில் சாதி: கழிவுநீர் ஆய்வுகள் கேட்க வேண்டிய கேள்வி

தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் வட்டத்தில் நிட்சேப நதியையொட்டி அமைந்துள்ள ஊர் கரிவலம்வந்தநல்லூர். மழைக்காலத்தில் பெருகும் அந்நதி வைப்பாற்றுக்கு நீர் கொண்டு செல்கிறது. நகரங்களிலேயே பாதாளச் சாக்கடை முழுமை பெறாத நிலையில், இத்தகைய ஊர்களில் கழிவறைக் கழிவு வீட்டுக் கொல்லையில் தோண்டிய குழியிலேயே தேங்குகிறது. நீர் மாசுத் தடுப்பு குறித்த ஆய்வும் அக்குழியிலிருந்துதான் தொடங்கியாக வேண்டும்.

குழிக்குள் நடப்பது என்ன?

முறையான செப்டிக் டேங்க் நீர் கசியாத சுவர்களும் தளமும் கொண்டது. திடக்கழிவு அடியில் படியும். பிராணவாயு இல்லாத சூழலில் வாழும் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கும். இவ்வாறு நீங்குவது கரிம மாசில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரைதான். வெளியேறும் நீர் உறிஞ்சு குழி வழியாக மண்ணில் வடிகட்டப்பட வேண்டும். அக்குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டருக்குக் குறையாத தொலைவில் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. அடியில் சேரும் கசடை 2 அல்லது 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை அகற்ற வேண்டும். அகற்றாவிடில் கழிவு படிய இடமின்றி, சிதையாத மலமே வெளியேறும்.

நடைமுறையில் பல வீடுகளில் தளம் இல்லாமல் சிமெண்ட் உறைகளை மட்டும் இறக்கிவிடுகிறார்கள். கடும்பாறை நிலத்தில் பாறை வெடிப்புகளின் வழியே கழிவுநீர் வடிகட்டப்படாமலே நிலத்தடி நீரை அடைகிறது. நைட்ரேட்டும் நோய்க்கிருமிகளும் அதனுடன் செல்கின்றன.

ஏன் இத்தனை பெரிய குழி?

அரசு பரிந்துரைப்பது சிறிய இரட்டைக் குழிக் கழிவறை. ஒரு குழி நிரம்பியதும் மூடிவிட்டு மற்றொன்றைப் பயன்படுத்தலாம். மூடிய குழியின் கழிவு ஓரிரு ஆண்டுகளில் மட்கி எருவாகிவிடும். அதனை வீட்டாரே அள்ளலாம். ஆயினும் இம்முறை பரவவில்லை. வட இந்தியக் கிராமங்களில் ஆய்வு செய்த டயேன் காஃபி, டீன் ஸ்பியர்ஸ் ஆகியோர் 2017இல் வெளியிட்ட நூலில் அதன் காரணத்தை விளக்கினர்: குழியைத் தூர்வாருவது தீண்டத்தகாதோர் எனப்பட்டவரின் வேலை என்ற எண்ணமே மக்களைச் சிறு குழியிலிருந்து விலக்குகிறது. ஆகவே வசதியுள்ளோர் ஆயுளுக்கும் நிரம்பாத பெருங்குழி கட்டுகிறார்கள். பல்லாண்டு திறக்கப்படாத அக்குழியிலிருந்து மாசு கசிகிறது. தீண்டாமை இங்கே நீரியல் பிரச்சினையாகவும் ஆகிவிடுகிறது.

நிரம்பிய பின் இறங்குவது யார்?

சிதையும் மலத்திலிருந்து மீத்தேனும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் உருவாகின்றன. ஹைட்ரஜன் சல்ஃபைடின் அழுகல் நாற்றத்தைக் கொண்டு ஆபத்தை உணர முடியாது. செறிவு கூடும்போது அவ்வாயு மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும். இறங்கியவர் மயங்குகிறார், காப்பாற்றச் செல்பவரும் மாண்டுபோகிறார்.

ஒன்றிய அரசு 'நமஸ்தே' திட்டத்தின்கீழ் 2024 வரை விவரம் சேகரித்த சுமார் 38,000 தொழிலாளர்களில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். தமிழ்நாட்டில் இவ்வேலை பெரிதும் அருந்ததியர் மீதே சுமத்தப்பட்டுள்ளது. 1993 முதலான அரசுக் கணக்கில் மலக்குழி மரணங்கள் மிகுதியாகப் பதிவான மாநிலமும் தமிழ்நாடுதான்.

2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பின்றி மலக்குழியில் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கு 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தனிமனிதர் எவரும் இத்தடைக்கு விலக்கல்லர். ஆளை அமர்த்தும் வீட்டுக்காரரும் குற்றவாளியே. உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சமாக நிர்ணயித்த இழப்பீட்டை 2023 அக்டோபர் 20 அன்று 30 லட்சமாக உயர்த்தியது.

லாரி எங்கே கொட்டுகிறது?

சென்னை ஐஐடி உருவாக்கிய 'ஹோமோசெப்', கேரளத்தின் 'பேண்டிகூட்' போன்ற கருவிகள் மனிதர் இறங்கும் தேவையைக் குறைக்கின்றன. ஆனால் உறிஞ்சிய கசடு சென்றடைய ஓர் இடம் வேண்டும். சாதாரணக் கழிவுநீரைவிடப் பன்மடங்கு மாசுச் செறிவுள்ள அக்கசடை, மதுராந்தகம் அருகே கருங்குழியில் 2017 முதல் இயங்கும் நிலையம் போன்றவை உலர்த்திச் சுத்திகரிக்கின்றன. நிலையம் தொலைவில் இருந்தால் டீசல் செலவு கூடும். லாரி இரவில் ஓடையில் திறந்துவிடப்படும். நீர் வடியும் தாழ்நிலத்தில் சேரி ஒதுக்கப்பட்ட ஊர்களில், அக்கழிவு முதலில் சேர்வது எவருடைய கிணற்றில் என்று விளக்க வேண்டியதில்லை.

ஆகவே சுத்திகரிப்பின் வெற்றியை வெளியேறும் நீரின் தரத்தை மட்டும் கொண்டு அளப்பது போதாது. எத்தனை குழிகள் உரிய காலத்தில் தூர்வாரப்பட்டன, ஆள் இறங்காமல் தூர்வாரப்பட்டனவா, கசடு எங்கே சென்றது என்பனவும் அளவீடுகளாக வேண்டும். ஊராட்சிதோறும் மலக்குழிப் பதிவேடு, குறித்த காலத்தில் இயந்திரத் தூர்வாரல், எட்டும் தொலைவில் சுத்திகரிப்பு நிலையம், ஆளை இறக்குவோர் மீது வழக்கு ஆகியவை உடனடித் தேவைகள். இயந்திரத்தை இயக்கும் வேலை மீண்டும் ஒரே சாதியின் ஒப்பந்தக் கூலியாகிவிடாமல், நிரந்தரப் பணியாகவும் அமைய வேண்டும்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று தமிழ்நாட்டில் கிராம சபை கூடுகிறது. குடிநீர் பற்றிப் பேசும் அந்த அவையில், நம் ஊர்க் குழியைத் தூர்வாருபவர் யார் என்பதையும் கேட்டுப் பதிவு செய்வோம்.