கச்சேரி மேடையில் வயலினுக்கு ஏன் ஓரத்து இடம்? லால்குடி ஜெயராமன் நடுவுக்கு வந்தது எப்படி?

கர்நாடக இசைக் கச்சேரி மேடையில் நடுவில் பாடகர். ஒரு பக்கம் மிருதங்கம், இன்னொரு பக்கம் வயலின். இரண்டரை, மூன்று மணி நேரம் ஓடும் கச்சேரியில் பாடகருக்கு அடுத்தபடியாக ஓய்வில்லாமல் உழைப்பவர் வயலின்காரர்தான். ஆனா அவருக்குப் பெயர் 'பக்கவாத்தியம்'. அழைப்பிதழிலும் பாடகர் பெயருக்குக் கீழேதான் அவர் வருவார்.

இத்தனைக்கும் வயலின் நம்ம ஊர் வாத்தியமே இல்லை. ஐரோப்பியர்களோடு வந்தது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் 19-ம் நூற்றாண்டில் அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தவர்கள். மேற்கத்திய இசையில் நின்றபடியோ நாற்காலியில் அமர்ந்தோ வாசிப்பார்கள். இங்கே தரையில் சம்மணம் போட்டு, வயலின் தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றி வைத்துக்கொள்வார்கள். காரணம் எளிது. நம்ம கமகங்களுக்கு இடது கை தந்தி மேல் மேலும் கீழும் வழுக்கிப் போகணும். வாத்தியத்தைத் தாங்கிப் பிடிக்கும் வேலை அந்தக் கைக்கு இருக்கக் கூடாது.

பக்கத்தில் உட்கார்பவரின் வேலை என்ன?

பெரும்பாலும் ஒத்திகை கிடையாது. இன்று என்ன பாடப்போகிறார் என்பதே சில நேரம் மேடையில்தான் தெரியும். ஆண் பாடகர் ஒரு கட்டையில் பாடுவார், பெண் பாடகர் ஐந்து கட்டையில் பாடுவார்; அதற்கேற்ப தந்திகளைச் சேர்த்துக்கொள்ளணும். ஆலாபனையில் பாடகர் போகும் வழியில் நிழல் மாதிரி கூடவே போகணும். அவர் நிறுத்தியதும் தன் முறை வரும். அதையும் அவர் பாடிய நேரத்தைவிடக் குறைவாக முடிக்கணும். கல்பனாஸ்வரத்தில் அவர் வீசுவதை அந்த நொடியே பிடித்துத் திருப்பித் தரணும். சிக்கலான தாளத்தில் ஒரு பல்லவி வந்துவிட்டால் முதல் ஓரிரு சுற்றிலேயே கணக்கைப் புரிந்துகொள்ளணும். தவறினால் சபையே பார்க்கும். அதிகமாக ஜொலித்தாலும் சிக்கல்தான். பாடகரை மீறிக் கைதட்டல் வாங்கும் பக்கவாத்தியத்தை எல்லோரும் ரசிப்பதில்லை!

இந்த வேலையில்தான் லால்குடி ஜெயராமன் 12 வயதில் இறங்கினார். 1930-ல் பிறந்தவர். தியாகராஜரின் சீடர் வழியில் வந்த குடும்பம். அப்பா வி.ஆர். கோபால அய்யர்தான் குரு. அரியக்குடி ராமானுஜ அய்யங்கார், செம்பை, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி அய்யர், ஆலத்தூர் சகோதரர்கள் என அந்தக் காலத்தின் பெரிய தலைகள் எல்லோருக்கும் வாசித்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு பாணி. அரியக்குடிக்கு வாசிப்பது போல ஜி.என்.பி.யின் வேகத்துக்கு வாசிக்க முடியாது. இத்தனை பேர் பாட்டையும் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து கேட்கும் வாய்ப்பு எந்த இசைக் கல்லூரியிலும் கிடைக்காது. 'லால்குடி பாணி' என்று பின்னாளில் பெயர் பெற்ற வாசிப்பு இப்படி ஊறி வந்ததுதான். அதில் வில் வெறும் ஸ்வரத்தை எழுப்பாது. பாட்டின் வார்த்தை எங்கே பிரிகிறது, எங்கே அழுந்துகிறது என்பது வரை காதில் விழும்.

தனிக் கச்சேரி அவர் கண்டுபிடித்தது அல்ல. அவருக்கு முன்பே துவாரம் வெங்கடசாமி நாயுடு வயலினைத் தனியாக வாசித்துக் காட்டிவிட்டார். ஆனா வாய்ப்பாட்டு கேட்டுப் பழகிய சபையை, பாட்டே இல்லாமல் ஒரு முழுக் கச்சேரிக்கு உட்கார வைப்பது லேசான காரியமா? லால்குடி அதைச் செய்தார். 1965-ல் எடின்பரோ விழாவில் அவர் வாசித்ததைக் கேட்ட யெஹுதி மெனுஹின், தன்னுடைய இத்தாலிய வயலினையே அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். அடுத்த ஆண்டு புல்லாங்குழல் என். ரமணி, வீணை ஆர். வெங்கட்ராமன் ஆகியோருடன் 'வயலின் - வேணு - வீணை' கச்சேரிகளைத் தொடங்கினார். மூன்று வாத்தியங்கள், மூவரும் நடுவில்.

இன்னொரு பக்கமும் உண்டு. அவர் அமைத்த வர்ணங்களும் தில்லானாக்களும் இன்றும் பரதநாட்டிய மேடைகளில் ஓயாமல் ஒலிக்கின்றன. வயலின் கேட்டே பழகாதவர்கள்கூட சலங்கைச் சத்தத்தோடு அவர் இசையைக் கேட்டிருப்பார்கள். 'சிருங்காரம்' படத்துக்காக சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருதும் வந்தது. மகன் ஜி.ஜே.ஆர். கிருஷ்ணன், மகள் விஜயலட்சுமி இருவரும் வயலின் கலைஞர்கள். பாடகி பாம்பே ஜெயஸ்ரீ அவரிடம் கற்றவர். வயலின்காரரிடம் பாட்டு கற்பதா என்று கேட்கத் தோன்றலாம். அவர் வாசிப்பைக் கேட்டவர்களுக்கு அந்தச் சந்தேகம் வராது.

1972-ல் பத்மஸ்ரீ, 2001-ல் பத்மபூஷண். 2013 ஏப்ரல் 22-ல் சென்னையில் காலமானபோது வயது 82. அவரோடு சேர்த்து 'வயலின் மும்மூர்த்திகள்' என்று சொல்லப்பட்ட டி.என். கிருஷ்ணன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் இருவருமே மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிகள். அந்தப் பட்டியலில் லால்குடி பெயர் மட்டும் கிடையாது. பெண் வயலின் கலைஞர் ஒருவர் அதில் இடம்பிடிக்க 2016 வரை ஆனது. அந்த ஆண்டு சங்கீத கலாநிதி ஆன ஏ. கன்யாகுமாரி, எம்.எல். வசந்தகுமாரிக்குப் பல வருடங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்.