தமிழ் காட்டிய அட்டை

1981இல் வந்த ஐபிஎம் பி.சி.யில் திரைக்கு எழுத்து அனுப்பும் வேலையைத் தனி அட்டை ஒன்று பார்த்தது. வரிக்கு 80 கட்டம், மொத்தம் 25 வரி. நிரல் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண்ணை எழுதும். அதற்குரிய புள்ளி வடிவத்தை அட்டையிலுள்ள ரோம் சில்லு கொடுக்கும். வடிவங்கள் மொத்தமே 256. ஆங்கிலத்துக்கு அது தாராளம். தமிழுக்கு அதில் இடமே இல்லை.

சில்லைக் கழற்றித் தமிழ் வடிவங்கள் பதித்த வேறொன்றைப் பொருத்தினாலும் சிக்கல் தீராது. ‘கொ’வில் மெய்க்கு முன்னும் பின்னும் குறிகள் நிற்கின்றன. ‘ணை’ கேட்கும் அகலம் ‘ர’வுக்குத் தேவையில்லை, கட்டங்களோ எல்லாம் ஒரே அளவு. புள்ளி புள்ளியாக வரையலாம் என்றால், 4.77 மெகாஹெர்ட்ஸ் செயலி திணறும். அதோடு, அன்றைய டாஸ் இயங்குதளத்தின் நிரல்கள் பலவும் திரை நினைவகத்திலேயே நேரடியாக எழுதின. இடையில் புகுந்து திருத்த மென்பொருளுக்கு வாய்ப்புக் குறைவு.

இந்தத் தொல்லை தமிழுக்கு மட்டும் உரியதல்ல. 1982இல் வான் சுவன்னுகுல் என்பவர் தன் ஆய்வேட்டைத் தாய்லாந்து எழுத்தில் அச்சிட முயன்று வடிவமைத்ததே 720×348 புள்ளிகள் காட்டிய புகழ்பெற்ற ஹெர்குலிஸ் அட்டை.

இந்தியாவில் விடை கான்பூர் ஐ.ஐ.டி.யில் பிறந்தது. அங்கே மோகன் தாம்பே உள்ளிட்டோர் உருவாக்கிய ‘ஜிஸ்ட்’ நுட்பத்தை, 1988இல் புனேயில் தொடங்கிய சி-டாக் நிறுவனம் அட்டையாக்கி விற்றது. பி.சி.யின் காலித் துளையில் அதைச் செருகினால், ஆங்கிலத்துக்கென எழுதிய டாஸ் நிரல்களில் இந்திய எழுத்துகளும் வந்தன. நிரலைத் திருத்த வேண்டியதில்லை. வடிவமைப்பின் நுட்பம் ஒரு பிரிவினையில் இருக்கிறது. சேமிப்பது ஒலி வரிசையில்: க, பிறகு ஒகரக் குறி, ஆக 2 எண்கள். திரையில் தெரிவதோ 3 துண்டுகள். ஒன்றை மற்றொன்றாக்கும் பொறுப்பை அட்டையே ஏற்றதால் தட்டச்சு செய்பவருக்கு அந்தக் கவலை இல்லை. இந்திய மொழிகள் பலவற்றுக்கும் எண்கள் பொது என்பதால், இந்தியில் அடித்த பெயரைத் தமிழ் எழுத்தில் மாற்றிக் காட்டவும் முடிந்தது.

விண்டோஸ் வந்து எழுத்து வரைவதை மென்பொருளே ஏற்றதும் அட்டைக்கு வேலை போயிற்று. எண் வரிசை மட்டும் பிழைத்தது. அது 1991இல் இஸ்கி என்ற பெயரில் இந்தியத் தரமானது; அதன் முந்தைய வடிவம் யூனிகோடின் இந்திய எழுத்துப் பகுதிகளுக்கும் அடிப்படையானது. தமிழ் யூனிகோடில் ‘க’வுக்கும் ‘ங’வுக்கும் நடுவே, தமிழில் இல்லாத எழுத்துகளுக்கான 3 இடங்கள் இன்றும் காலியாகக் கிடப்பது அந்தப் பொது வரிசையால்தான்.